ரெண்டும் ஒண்ணா வரணும்

ஜூன் 7, 1993, திங்கள்

தேர்வு வாரியத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இன்று சேர்ந்தேன். பெயர்தான் பிரிவு. ஏசி போட்ட பெரிய அறையில் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டுமாம். எனக்குக் கொடுத்திருக்கும் பி.சி. முன்பு சைக்கிள் நிறுத்திய கொட்டகையில் இருக்கிறது. அங்கே ஒரு மின்விசிறி உண்டு, அதற்கு மனசு வந்தால் சுற்றும்.

தேர்வுகளுக்கெல்லாம் பொறுப்பான கன்ட்ரோலர் பொன்னுரங்கம் வேலையைச் சொன்னார். டிப்ளமோ தேர்வு முடிவுகளைக் கணக்கிடும் புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டும். எழுதுவது ஒன்றுதான். அது ஒரு எழுத்துகூட மாறாமல் மெயின்ஃப்ரேமிலும் ஓட வேண்டும், பி.சி.யிலும் ஓட வேண்டும். அடுத்த வருஷம் மாவட்டம்தோறும் பி.சி. வைக்கப் போகிறார்கள்.

"ரெண்டும் ஒண்ணா வரணும்மா. அது வந்துட்டா உங்க பர்மனென்ட் ஆர்டர் என் பொறுப்பு" என்றார்.

வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டியதுதான்.

மெயின்ஃப்ரேமுக்குக் காவல் தெய்வம் ஒருவர் இருக்கிறார். குஞ்சிதபாதம் என்று பெயர், சிதம்பரத்துக்காரர். என் பி.சி.யை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டப்பாவுலயா வாரியம் ரிசல்ட் போடப் போவுது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆள் எனக்குக் குழி பறிப்பார்.

ஜூன் 9, புதன்

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சொக்குவை வாங்கி வரச் சொன்னேன், மறந்துவிட்டு வந்து நிற்கிறான். தம்பி என்று ஒருவனைக் கூடவே வைத்துக்கொண்டிருப்பதற்கு ஒரு பலன் வேண்டாமா?

ஜூன் 14, திங்கள்

புரோகிராம் எழுதி முடித்தேன். இதில் சூட்சுமம் என்னவென்றால், எந்த மெஷினையும் நம்பக் கூடாது. 'A' என்ற எழுத்துக்கு இது உள்ளே ஒரு எண் வைத்திருக்கும், அது வேறு எண் வைத்திருக்கும். இதில் அடங்கும் பெரிய எண் அதில் அடங்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியிலும், "நீ இங்கே மட்டும் ஓடுவியா, அங்கிட்டும் ஓடுவியா?" என்று சந்தேகப்பட்டுக்கொண்டே எழுத வேண்டும். சந்தேகப்படுவது எனக்குக் கைவந்த வேலை.

கணக்கு சின்னதுதான். எழுத்துத் தேர்வு நூறு மார்க்குக்கு. அதை எழுபதுக்குக் குறைக்க வேண்டும், அதாவது 0.7-ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட வேண்டும். கல்லூரியில் போடும் இன்டர்னல் மார்க் முப்பதுக்கு. இரண்டையும் கூட்டி ஐம்பது வந்தால் பாஸ்.

சோதனைக்கு நானே மார்க்குகளைக் கற்பனையாகப் போட்டேன். வேண்டுமென்றே 47, 63, 58 என்று கோணல் மாணலாகப் பார்த்துப் போட்டேன். பிழை இருந்தால் அதில்தான் மாட்டும். இரண்டு மெஷினும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. குஞ்சிதபாதம் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தார். முகம் செத்துக் கிடந்தது.

புரோகிராம் இருக்கும் ஃப்ளாப்பியை மேசை டிராயரில் வைத்தால் யாராவது கை வைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டிரம்மில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, செவ்வாய்

சொக்கு அரிசி களையப் போய் ஃப்ளாப்பியை எடுத்துவிட்டான். "ஏக்கா, இதையும் ஒலையில போடணுமா?" என்கிறான். நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஜூன் 18, வெள்ளி

பாழாய்ப் போன நாள்.

ஏப்ரல் தேர்வின் மார்க்குகள் முழுவதையும் இரண்டு மெஷினிலும் ஓட்டினோம். கூட்டு மார்க்கை மட்டும் அச்சடித்து, நானும் ஆபரேட்டர் மகிமைதாசும் ஸ்கேல் வைத்து வரி வரியாக ஒப்பிட்டோம். ஒரு மார்க் வித்தியாசம் வந்தவர்கள் ஏராளம். அதில் பதினாலு பேருக்கு அந்த ஒரு மார்க்குதான் பாஸும் ஃபெயிலும். பி.சி. ஐம்பது என்று பாஸ் போடுகிறது. மெயின்ஃப்ரேம் நாற்பத்தொன்பது என்று ஃபெயில் போடுகிறது.

எந்த வெளி கம்பெனியோ எப்போதோ எழுதிக் கொடுத்த பழைய புரோகிராம் ஒன்று மெயின்ஃப்ரேமில் இருக்கிறது. அதையும் ஓட்டினார்கள். அதுவும் நாற்பத்தொன்பது என்றது. ஆக, தப்பு என் பக்கம் என்று ஆகிவிட்டது.

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உன் டப்பாவுல யாரும்மா கை வச்சது?"

"ஏன் சார், உங்க ஏசி ரூம்ல யாரும் கை வைக்க மாட்டாங்களா?"

"இந்தப் பதினாலுல நாலு பேரு மதுரைக் காலேஜு. உங்க ஊருல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்கேல் இரண்டாகிவிட்டது. நான் பணியாரம் சுடுவது போல மார்க் சுட்டுக் கொடுக்கிறேன் என்கிறார் மனுஷர்! நான் கொடுத்த புரோகிராமை அவர்தான் மெயின்ஃப்ரேமில் ஏற்றினார். ஏற்றும்போது என்ன மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்?

ஜூன் 19, சனி

வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது. சொக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிச் சரி செய்தான். கை வேலையெல்லாம் நன்றாகத்தான் வருகிறது. மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருஷத்தில் ஒரே ஒரு பேப்பரில் ஒரு மார்க்கில் கோட்டை விட்டவன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான்.

பதினாலு பேர் கதையைச் சொன்னேன். ஸ்டூலில் நின்றபடியே, "பாவம்க்கா" என்றான்.

"என்ன பாவம்? படிச்சிருந்தா ஒரு மார்க் கூட வாங்கியிருக்கலாம்ல?"

"சில பேரு வாங்கித்தான் இருப்பான்" என்றான்.

இவனுக்கு எப்போதும் இதே பாட்டுதான். 87 ஏப்ரலில் ஃபெயில் என்று வந்த அன்றைக்கும், "நான் பாஸு. எங்க காலேஜு வேலாயுதம் சார் அம்பது போட்டேன்னு சொன்னாரு" என்று சாதித்தான். செப்டம்பரில் திரும்ப எழுதடா என்று அப்பா காலில் விழாத குறையாகக் கேட்டார். "பாஸானவன் எதுக்குத் திரும்ப எழுதணும்?" என்றான். திமிர்! அப்பா சாகிறவரைக்கும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மார்க் ஷீட்டை அடிக்கடி எடுத்து உரக்கப் படிப்பார்: எழுத்துத் தேர்வு எழுபதுக்கு முப்பத்துநாலு, இன்டர்னல் பதினைந்து, மொத்தம் நாற்பத்தொன்பது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

ஜூன் 22, செவ்வாய்

குஞ்சிதபாதம் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் தனியாக மெஷின் ரூமுக்குள் போகிறார். கையில் டேப் சுருள்கள், மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. மகிமைதாசைக் கேட்டேன்.

"பழைய வருஷத்து மார்க்கு டேப்புங்க மேடம். மூணு நாளா இன்னாமோ ஓட்டிக்கினு கீறாரு. கேட்டா, 'நீ போய் சாப்புடுடா'ன்றாரு."

எதற்குப் பழைய டேப்? எதையோ அழிக்கிறார். அல்லது எதையோ சேர்க்கிறார். நல்லவன் எவனாவது டேப்பைத் துண்டு போட்டு மூடுவானா?

ஜூன் 24, வியாழன்

கன்ட்ரோலரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பார்த்ததை மட்டும்தான் சொன்னேன். "நல்லதும்மா, சொன்னது நல்லது" என்றார். கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. எனக்கு ஏன் அது உறுத்துகிறது என்று தெரியவில்லை.

இரவுக்கு எலுமிச்சை சாதம்.

ஜூன் 25, வெள்ளி

குஞ்சிதபாதத்திடமிருந்து மெஷின் ரூம் சாவியை வாங்கிவிட்டார்கள். இனிமேல் அவர் ஸ்டோர்ஸில் காகிதக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போக வேண்டியதாகிவிட்டது.

"அந்தப் பதினாலு பேரோட கூட்டு மார்க்கைத்தான பாத்த? பரீட்சைப் பேப்பர் மார்க்கைப் பாத்தியாம்மா?"

விறுவிறுவென்று கொட்டகைக்கு வந்துவிட்டேன். எனக்கென்ன வந்தது? தப்பு செய்யாதவராக இருந்தால் எதற்கு ஒளிய வேண்டும்?

ஜூன் 28, திங்கள்

பார்த்தேன்.

பதினாலு பேரில் ஒருவர் விடாமல் எல்லோரும் எழுத்துத் தேர்வில் 50 அல்லது 60. ஒரு 47 கிடையாது, ஒரு 53 கிடையாது.

காகிதத்தில் போட்டேன். ஐம்பதை 0.7-ஆல் பெருக்கினால் முப்பத்தைந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். மெயின்ஃப்ரேமை அதே கணக்கைப் போட்டு, புள்ளிக்குப் பின்னால் வருவதையும் காட்டச் சொன்னேன். 34.9999 என்று காட்டியது. 0.7 என்பது எந்த மெஷினுக்குள்ளும் முழுசாக அடங்காது. முடிவில்லாமல் நீளும் வால் அது. பி.சி. அந்த வாலைப் பக்கத்து எண்ணோடு சேர்த்துச் சரி செய்துவிடுகிறது. மெயின்ஃப்ரேம் வாலை வெட்டி எறிகிறது. அதற்கு மேல், புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டு என்று நாங்களும் சொல்கிறோம். முப்பத்தைந்து முப்பத்துநாலாகிவிடுகிறது. 47-க்கும் 63-க்கும் இந்தத் தொல்லை வராது, வெட்டினாலும் விடை மாறாது. வால் கழுத்தை அறுப்பது பத்து பத்தாக வரும் மார்க்கில் மட்டும்தான். நான் பார்த்துப் பார்த்து ஒதுக்கியவை அந்த மார்க்குகள்தான்.

மகிமைதாஸ் டீ கொண்டுவந்தவர் ஒரு வார்த்தை சொன்னார்: "அம்பதெல்லாம் வாத்தியாருங்க போடற பிச்சை மேடம். நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு வந்தா, 'பொழச்சுப் போ'ன்னு அம்பதாக்கிடுவாங்க. எங்க மாமா பேப்பர் திருத்தப் போவாரு, அவரே சொல்வாரு."

டீயை அப்படியே வைத்துவிட்டேன். எவனோ ஒரு வாத்தியார் மனசு இரங்கிப் போட்ட மார்க்கைத் தேடிப் பிடித்து இந்த மெஷின் வெட்டுகிறது.

பி.சி. சொன்னதுதான் சரி. என் புரோகிராமில் யாரும் கை வைக்கவில்லை.

ஜூன் 29, செவ்வாய்

கன்ட்ரோலரிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முன்பே கேட்ட கதை மாதிரி கேட்டார்.

"அப்ப டப்பாவை மாத்திடுங்க" என்றார்.

"சார், தப்பு மெயின்ஃப்ரேம்ல இருக்கு."

"எது தப்பு எது சரின்னு நான் கேக்கலைம்மா. ரெண்டும் ஒண்ணா வரணும். அது நாப்பத்தொம்பதுன்னா இதுவும் நாப்பத்தொம்பது. இந்த வருஷம் அம்பது போட்டா, போன வருஷத்துக்காரன் வந்து நிப்பான். அதுக்கு முந்தின வருஷத்துக்காரன் கோர்ட்டுக்குப் போவான். யாரு பதில் சொல்றது? நீங்களா?"

மேசையில் என் பர்மனென்ட் ஆர்டர் இருந்தது. கையெழுத்து போட்டாயிற்று, தேதி மட்டும் போடவில்லை. அதைக் கண்ணாடிக் குண்டு வைத்து எனக்குப் பார்க்கத் தோதாக வைத்திருந்தார்.

இவருக்கு முன்பே தெரியும். குஞ்சிதபாதம் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் நான் புகார் சொன்னதும் அந்தக் கண்ணில் அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 30, புதன்

ஒரு வரி சேர்த்தேன். பெருக்கி வந்ததில் துளியூண்டு கழித்துவிட்டு வெட்டு என்று. இப்போது இரண்டு மெஷினும் முப்பத்துநாலு என்கின்றன. ஒத்துப்போகின்றன.

வாடகை வீடு, அம்மாவின் மாத்திரை, எல்லாம் இருக்கிறதே. பதினாலு பேரும் செப்டம்பரில் எழுதிக்கொள்ளட்டும்.

ஜூலை 2, வெள்ளி

தூக்கம் இல்லை. குஞ்சிதபாதத்தின் வீட்டுக்குப் போனேன், மேற்கு மாம்பலம். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மனைவி காபி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை, வாங்கிக் குடித்தேன்.

"நீதான் போய்ச் சொன்னேன்னு தெரியும்மா" என்றார் குஞ்சிதபாதம். "நானும் மொதல்ல உன் பேரைச் சொல்லத்தான் இருந்தேன்."

"என்னையா? எதுக்கு?"

"நீ ஊர்க்காரப் பசங்களுக்கு மார்க்குப் போடுறேன்னு நெனச்சேன். டப்பா தப்புன்னு நிரூபிக்கத்தான் பழைய டேப்பை எடுத்தேன். பழைய மார்க்கையெல்லாம் கையால போட்டுப் பாத்தா, அடக் கடவுளே, பழசுலயும் அதே ஒண்ணு கொறையுது. என் மெஷினு. நான் செருப்பைக் கழட்டிட்டுப் போற மெஷினு." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "கன்ட்ரோலர்கிட்டச் சொன்னேன். பேசாம இருங்கன்னார். மத்த வருஷத்தையும் பாத்துட்டுப் பேசலாம்னுதான் துண்டு போட்டு எடுத்துட்டுப் போனேன்."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

"எழுபது-முப்பது முறை வந்ததுலேர்ந்து. எண்பத்தேழு ஏப்ரல்தான் மொத பரீட்சை."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "எண்பத்தேழு டேப்பை ஒரு தடவை பார்க்கணும் சார். ஒரே ஒரு பேரு."

"டேப்பு ஏதும்மா? எனக்குச் சாவி போன மறுநாளே பழசையெல்லாம் அழிச்சுப் புதுசுக்கு எடுத்துக்கச் சொல்லிட்டார். உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். முப்பத்துநாலு எப்படி வரும்? 49 எடுத்திருந்தால் 34.3, வெட்டினால் முப்பத்துநாலு, அது நியாயம். 50 எடுத்திருந்தாலும் மெயின்ஃப்ரேமில் முப்பத்துநாலு. மார்க் ஷீட்டைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. டேப்பைப் பார்த்தால்தான் தெரியும். டேப் என் வாயால் போயிற்று.

ஜூலை 4, ஞாயிறு

சொக்கு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு அம்பதுன்னு வேலாயுதம் சார் எப்படிடா சொன்னாரு?"

வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. சத்தம் மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

"பேப்பர் திருத்திட்டு வந்தாருக்கா. 'நாப்பத்தெட்டுலதான் நின்ன, உன் கோணக் கையெழுத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, அம்பதாக்கிட்டேன், யார்கிட்டயும் சொல்லிறாத'ன்னாரு. நான் உங்ககிட்டத்தான் சொன்னேன். நீங்கதான் நம்பலையே."

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். குழம்பு அடி பிடித்துவிட்டது.

ஜூலை 5, திங்கள்

இன்று கடைசி ஓட்டம். இதில் வருவதுதான் நியூஸ் பேப்பருக்குப் போகும்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்குப் போனேன். புதன்கிழமை சேர்த்த வரியை எடுத்தேன். 0.7-ஐயும் எடுத்தேன். மார்க்கை ஏழால் பெருக்கு, பத்தால் வகு. முழு எண் மட்டும்தான், புள்ளியே கிடையாது, வெட்டுவதற்கு வாலும் கிடையாது. ஐம்பது ஏழு முந்நூற்றைம்பது, பத்தால் வகுத்தால் முப்பத்தைந்து. எந்த மெஷினும் இதை வேறு மாதிரி சொல்ல முடியாது. முதல் நாளே இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஒரே புரோகிராம், இரண்டு மெஷினுக்கும். அதுதானே எனக்குக் கொடுத்த வேலை? மகிமைதாஸ் ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டு போய் மெயின்ஃப்ரேமில் ஏற்றினார். மத்தியானம் கன்ட்ரோலர் வந்தார். இரண்டு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அங்கங்கே விரல் வைத்துப் பார்த்தார். ஒரு வித்தியாசம் இல்லை.

"இதைத்தான் கேட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுப் பேப்பருக்கு அனுப்பினார்.

ஜூலை 9, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. பதினாலு எண்ணும் இருக்கின்றன.

பத்து மணிக்குக் கன்ட்ரோலர் கூப்பிட்டார். "யாரைக் கேட்டும்மா மாத்துனீங்க?"

"ரெண்டும் ஒண்ணா வரணும்னீங்க சார். வந்திருக்கு."

பேப்பரில் வந்ததை அவரால் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குண்டைத் தூக்கினார், என் ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஸ்டோர்ஸ் வாசலில் குஞ்சிதபாதம் நின்றிருந்தார். "பதினாலும் வந்துடுச்சாமே" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

சொக்கு ஆட்டோவோடு வெளியே காத்திருந்தான். வீடு வரும் வழியில் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் வெட்டிய வாலைச் சொன்னேன், எண்பத்தேழில் ஆரம்பித்ததைச் சொன்னேன், 49-க்கும் 50-க்கும் ஒரே முப்பத்துநாலு வரும் என்று சொன்னேன். அவன் திரும்பவில்லை. சிக்னலில் நின்றோம்.

"உன்னுது எதுன்னு உறுதியாத் தெரியணும்னா டேப்பு வேணும்டா. அதை அழிச்சுட்டாங்க. என்னாலதான்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"டேப்பு எதுக்குக்கா? நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல."

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தான்.